டர்க் அலகு தோய்ச்சலில் வளைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிளாஸ்கோவில் இருக்கிறேன். வார இறுதிகளில் கொட்டகையில் சின்ன கேஸ் உலை வைத்துக் கத்தி அடிக்கிறேன். ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடையான கில்ட் உடுத்தும்போது காலுறையில் செருகும் ‘ஸ்கியன் டூ’ என்ற சின்னக் கத்தி நாலு முடித்துவிட்டேன். அலகு மூன்றரை அங்குலம்தான், அதனால் தொல்லை இல்லை.

இப்போது டர்க். ஸ்காட்லாந்து மலைநாட்டு ஹைலாண்டர்கள் இடுப்பில் தொங்கவிட்ட நீளக் கத்தி. பழைய வாள் அலகை வெட்டியே பல டர்க்குகள் செய்திருக்கிறார்கள், அந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னுடையது 12 அங்குலம், 1084 என்ற கார்பன் எஃகு, முதுகு 5 மி.மீ., ஒரு பக்கக் கூர். தோய்ச்சல் போட்டதும், அதாவது கடினமாக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதும், பக்கவாட்டில் வளைந்துவிடுகிறது. இரண்டு அலகு போச்சு.

முதலில் மூன்று முறை உலையில் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். பிறகு 815 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், 50 டிகிரி சூட்டில் இருந்த கனோலா எண்ணெயில் முனை கீழாக நேரே இறக்கினேன். முதுகை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் பள்ளம் இழைத்திருந்தேன். அதுதான் காரணமா? பள்ளத்தைத் தோய்ச்சலுக்குப் பிறகு இழைக்கலாமா? தோய்ச்சலுக்கு முன் கூர்ப்பக்கம் அரை மி.மீ. கனம் விட்டேன், நீங்கள் எவ்வளவு விடுகிறீர்கள்? தோய்ச்சலுக்குப் பிறகு நொறுங்கும் தன்மை குறைய 200 டிகிரியில் பதம் இறக்கும்போது இரும்புப் பட்டையோடு கிளாம்ப் போட்டு நிமிர்த்தியவர்கள் இருந்தால், எவ்வளவு எதிர்வளைவு கொடுத்தீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள்.

பிடிக்குச் சதுப்பு நிலத்தில் புதைந்து கறுத்த ஓக் கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அலகு நேராக வராமல் அதில் பின்னல் செதுக்க உளி வைக்க மனம் வரவில்லை.