பத்து வருட வரிவிலக்கு கேட்கிறது கம்பெனி. என்னென்ன கேட்டுவிட்டு நாங்கள் கை தூக்குவது?

மருந்துச்சீட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு டென்னசியில் ஒரு சின்ன கவுன்டியில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் பயிற்சிக்கென்று ஜே-1 விசாவில் வந்த டாக்டர்கள் நாடு திரும்ப வேண்டியதில்லை என்று கோன்ராட் 30 திட்டம் இருக்கிறதே, மாநிலத்துக்கு வருடம் முப்பது பேர், அதில் ஒருத்தியாக வந்தவள். அந்த மூன்று வருடம் இப்போது பதினாறாகிவிட்டது.

போன வருடம் கவுன்டியின் தொழில் வளர்ச்சி வாரியத்தில் என்னையும் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். சம்பளம் கிடையாது. மாதம் ஒரு கூட்டம், ஆறிப்போன காபி. இதுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை வந்திருக்கிறது.

ஊர் எல்லையில் கவுன்டி கடன் வாங்கி ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறது. எட்டு வருடமாகக் காலி. சுவர், கூரை உண்டு, தரை கிடையாது. வருகிறவருக்கு எவ்வளவு கனத்தில் கான்கிரீட் வேண்டுமோ அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று வெறும் ஜல்லியோடு விட்டிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் ஜல்லிக்கு நடுவே இடுப்புயரத்துக்குச் செடி வளர்ந்திருக்கிறது.

கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்யும் ஒரு கம்பெனி அதைக் கேட்கிறது. 60 வேலை, மணிக்கு 17 டாலர். பத்து வருடத்துக்குச் சொத்து வரி ஒரு சென்ட் கூடக் கட்டமாட்டார்களாம். இங்கே இது எப்படி நடக்கும் என்றால், இடமும் கட்டடமும் வாரியத்தின் பெயரிலேயே இருக்கும். வாரியம் பொது அமைப்பு என்பதால் வரி கிடையாது. கம்பெனி எங்களிடம் குத்தகைக்கு இருந்துகொண்டு, வரிக்குப் பதிலாகப் பேசிவைத்த தொகையைக் கட்டும். இவர்கள் அந்தத் தொகையைத்தான் பூஜ்யமாக்கச் சொல்கிறார்கள். தலைவருக்குச் சம்மதம். "காலியாகக் கிடந்தாலும் பூஜ்யம், அவர்கள் வந்தாலும் பூஜ்யம். நமக்கென்ன நஷ்டம்?" என்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. என்னிடம் மணிக்கட்டு வலி என்று வரும் அறுபது வயது தாண்டிய பெண்களில் நான்கு பேர் இங்கே இருந்த சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர்கள். இன்னொருத்தி இருபது வருடம் பொத்தான்துளை மட்டுமே போட்டவள். தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளையில், திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு வந்த இன்னொரு கம்பெனி இதே மாதிரி பத்து வருடச் சலுகையை அனுபவித்துவிட்டுப் பதினோராவது வருடம் லாரியில் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் வரியை விடாவிட்டால் இவர்கள் நிஜமாகவே வரமாட்டார்களா? ஒப்பந்தத்தில் எதை எழுதச் சொல்வது? இல்லை, ஒரு கம்பெனி பின்னால் ஓடுவதே தப்பா? அடுத்த வாரம் வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அவர்கள் தரப்பு ஆள் தலைவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை எங்களுக்கும் காட்டினார்கள்: முதலில் எட்டு அங்குலத் தரை, வடிகால் எங்கே வைக்கலாம் என்று இரண்டு கடிதம், அப்புறம் வரி பற்றி ஒரு கடிதம்.

---

மூன்றாம் ஷிஃப்ட் எழுதியது:

டாக்டரம்மா, உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கெண்டக்கியில் கார் பாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். புது இடம் தேடும் குழுவோடு இரண்டு முறை போயிருக்கிறேன். தரையின் கனத்தைப் பேச ஆரம்பித்த ஆள் மனசுக்குள் ஏற்கெனவே இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டான் என்று அர்த்தம். வரியெல்லாம் அதற்கப்புறம்தான் வரும். கேட்டால் கிடைக்கும் என்பதால் கேட்பது.

இடம் தேடுகிறவர்கள் ஊருக்கு வருவது தேர்ந்தெடுக்க என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பேரை அடித்துவிடத்தான் வருகிறோம். கையில் முப்பது நாற்பது இடங்களின் பட்டியல் இருக்கும். முக்கால் மணி நேரக் கார் பயணத்துக்குள் வேலைக்கு எத்தனை பேர் தேறுவார்கள், இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், மின்சாரம் எவ்வளவு இழுக்கலாம் என்று அலுவலகத்திலேயே கழித்துவிட்டு, மிச்சம் ஐந்தாறு ஊருக்குத்தான் நேரில் போவோம். அங்கே ஒரு பழுது கண்ணில் பட்டால் போதும், பட்டியலில் ஒன்று குறையும்.

ஒரு ஊரில் மேயர், ஷெரீஃப், பள்ளிக்கூட அதிகாரி எல்லோரும் வரிசையாக நின்று கை குலுக்கினார்கள். பெரிய விருந்து. நான் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் கழிவுநீர் நிலையம் ஒரு நாளைக்கு இன்னும் எத்தனை கேலன் தாங்கும்? ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நிலையத்தை நடத்துகிறவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம்தான் நின்றிருந்தார், அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. வெளியே வந்து சிகரெட் பற்றவைக்கும்போது அவரே சொன்னார். பழைய மண் குழாய்கள், மூட்டெல்லாம் விட்டுப்போனவை. மழை பெய்தால் மழைத் தண்ணீரும் சாக்கடையோடு சேர்ந்து நிலையத்துக்கு வந்து வழிகிறது, புது இணைப்பு கொடுக்கக் கூடாது என்று மாநிலம் தடை போட்டிருக்கிறது. அன்றைக்கே அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

பெரிய உதாரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஹேவுட் கவுன்டியில் மெகாசைட் என்று நான்காயிரம் ஏக்கருக்கு மேல் மாநிலம் 2009 வாக்கில் வாங்கிப்போட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஒருவரும் வரவில்லை. கழிவுநீரை மிசிசிப்பி ஆறு வரை கொண்டுபோகும் குழாய் வேலையே வருடக்கணக்கில் இழுத்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டும் பேட்டரி செய்யும் எஸ்கே நிறுவனமும் 560 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தன. 2025-ல் வண்டி வெளியே வர வேண்டியது, தள்ளிப்போனது. இவ்வளவு பெரிய மீனுக்கே இந்தப் பாடு.

வரிச் சலுகை பற்றி: மிச்சிகன் கலமசூவில் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் டிமோத்தி பார்ட்டிக் இதையே தோண்டிக்கொண்டிருப்பவர். பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி அவர் 2018-ல் சொன்னது, சலுகை வாங்கும் நூறு நிறுவனங்களில் சலுகை இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்று சொல்லத்தக்கவை 2 முதல் 25 வரைதான். மீதி எப்படியும் வந்திருக்கும். உங்களுடையது எந்தப் பக்கம் என்று தெரிய, போட்டியில் இருக்கும் இன்னொரு ஊர் எது என்று கேளுங்கள். உடனே பேர் சொன்னால் நிஜம். "பல இடங்கள் பரிசீலனையில்" என்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

முதலில் உங்கள் தலைவரின் பூஜ்யம். வருமானத்தில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் சரி. செலவில்? அந்தச் சாலையில் தினம் இருபது டிரக் ஓடும், தீயணைப்பு வண்டி அங்கேயும் போக வேண்டும், அறுபது பேரில் புதிதாகக் குடி வருகிறவர்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் படிக்கும். அதையெல்லாம் மற்றவர்கள் கட்டும் வரியில் ஓட்டப் போகிறீர்கள். அந்த வரியைக் கட்டுகிறவர்களில் காலர் தைத்த பாட்டிமாரும் உண்டு.

நான் விஸ்கான்சின்காரன், ஃபாக்ஸ்கான் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். 2017-ல் ரசீன் கவுன்டியின் மவுன்ட் பிளசன்ட் கிராமத்துக்கு 13,000 வேலை என்றார்கள், மாநிலம் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை என்றது. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது அது 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று இறங்கியது. ஆனால் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மாநிலம் தப்பித்துக்கொண்டது. வேலை கொடுத்துக் காட்டினால்தான் பணம் என்று எழுதியிருந்ததால், முதல் வருடங்களில் இலக்கு தவறியபோது ஒரு டாலரும் கொடுக்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டது கிராமமும் கவுன்டியும். கடன் வாங்கி நிலம், சாலை, குழாய் எல்லாம் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தரவு மையம் வந்ததால் ஏதோ மூச்சு விடுகிறார்கள்.

எனவே: பள்ளிக்கான பங்கை விலக்கில் சேர்க்காதீர்கள், அதை முழுதாகக் கட்டட்டும். வேலைகளை அவர்கள் வாய்வார்த்தையில் எண்ணாதீர்கள், வேலையின்மைக் காப்பீட்டுக்காக ஒவ்வொரு காலாண்டும் மாநிலத்துக்குச் சம்பளப் பட்டியல் அனுப்புகிறார்களே, அதை வைத்து எண்ணுங்கள். 60-க்கு 45 இருந்தால் விலக்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கையெழுத்துப் போடப் போவது தாய்க் கம்பெனியா, இந்த ஊருக்கென்று போன மாதம் பதிவு செய்த எல்எல்சியா (அதன் கடனுக்குத் தாய்க் கம்பெனி பொறுப்பாகாத தனிக் கம்பெனி) என்று பாருங்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் ஷரத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும், எதிரில் இருப்பது வெறும் எல்எல்சி என்றால் வழக்கு ஜெயித்து ஜப்தி செய்யப் போகும்போது நாற்காலி கூட இருக்காது. தாய்க் கம்பெனி ஜாமீன் போடட்டும்.

---

ஒற்றைக்கம்பம் எழுதியது:

அண்ணன்மார் இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் அக்கா கேட்ட மூன்றாவது கேள்வியை இருவரும் தொடவில்லை. வெளியிலிருந்து ஒருவன் வர வேண்டும் என்று காத்திருப்பதே சரியா?

கெண்டக்கி மலைப்பகுதியில் ஜாக்சன் கவுன்டி, தலைநகர் மெக்கீ. அங்கே உள்ளூர் தொலைபேசிக் கூட்டுறவு மத்திய அரசின் கடனும் மானியமும் வாங்கி, 2014-க்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபைபர் இழுத்துவிட்டது. வண்டி ஏறாத மேட்டில் கேபிளைக் கொண்டுபோக ஒரு கோவேறு கழுதையை வைத்திருந்தார்கள், அதற்கு ஓல்ட் பப் என்று பெயர்! நம்பாவிட்டால் தேடிப் பாருங்கள். அதற்கப்புறம் டெலிவொர்க்ஸ் என்று பயிற்சி மையம் வந்தது, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கும் வேலைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உங்கள் டென்னசியிலும் மின்சாரக் கூட்டுறவுகள் இணைய இணைப்பு கொடுக்கலாம் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது.

கொலராடோவின் லிட்டில்டன் இன்னொன்று. ஏவுகணை செய்யும் பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியதும், 1987-லிருந்து கிறிஸ் கிப்பன்ஸ் என்பவர் வெளியே வேட்டையாடப் போவதை விட்டுவிட்டு, ஊரிலேயே இருக்கும் சின்னக் கம்பெனிகளுக்குச் சந்தைத் தகவல் தேடிக் கொடுக்கும் வேலையை நகராட்சியே செய்ய வைத்தார்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி ஒற்றைக்கம்பம், கோவேறு கழுதையைப் பற்றிப் படித்து வெகுநேரம் சிரித்தேன். ஆனால் லிட்டில்டன் டென்வரை ஒட்டிய ஊர். எங்களுக்கு ஒட்டிக்கொள்ள டென்வர் இல்லை. வீட்டிலிருந்து போன் எடுக்கும் வேலை என் கிளினிக் வரவேற்பறைப் பெண்ணின் தங்கைக்குச் சரிவரும். கம்ப்யூட்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு இயந்திரத்தில் வார்ப்பு அச்சை மாற்றத் தெரிந்தால் போதும் என்கிற வேலை வேண்டும். ஃபைபர் பற்றிக் கூட்டுறவிடம் கேட்கிறேன், இரண்டும் நடக்கட்டும்.

அப்புறம், கழிவுநீர் நிலையத்துக்கு நேற்று நானே போனேன். அதை நடத்துகிறவரைப் பத்து வருடமாகத் தெரியும், ஆனால் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. பச்சை அட்டை போட்ட நோட்டைத் திறந்து காட்டினார். தாங்கும் அளவு நாளொன்றுக்கு நான்கு லட்சம் கேலன். மழையில்லாத நாளில் வருவது இரண்டரை லட்சம். மார்ச் மாதம் ஒரு நாள், பக்கத்தில் பென்சிலால் மழை என்று குறித்து, ஏழு லட்சம்! நல்லவேளை, பிளாஸ்டிக் வார்க்கிறவர்கள் குளிர்விக்கும் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்களாம், இவர்களால் பெரிய பாரம் வராது. அடுத்து வருகிறவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். குழாயைச் சரிசெய்ய மாநில மானியத்துக்கு எழுதுவோம் என்று இதே கூட்டத்தில் தனித் தீர்மானமாக வைக்கிறேன்.

போட்டியில் இருக்கும் ஊர் எது என்றும் கேட்டேன். "பல இடங்கள் பரிசீலனையில்" என்றே பதில் வந்தது. சிரித்துக்கொண்டேன்.

இப்போது என் கையில் இருப்பது: பத்துக்குப் பதில் ஏழு வருடம், பள்ளிப் பங்கு முழுசாக, எண்ணிக்கை குறைந்தால் விலக்கும் குறையும், தாய்க் கம்பெனி ஜாமீன். கையெழுத்துப் போட இருந்தது நிஜமாகவே ஆறு வாரம் முன்பு பதிவான எல்எல்சிதான். வாரியத்தில் ஏழு பேர். மூவர் என் பக்கம், தலைவர் கோபமாக இருக்கிறார்.

புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. அவர்களுடைய இரண்டாவது ஷிஃப்ட் மாலை மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியுமாம். ஊரில் உரிமம் உள்ள குழந்தைக் காப்பகம் ஒன்றுதான், ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் அந்த ஷிஃப்டுக்கு எப்படிப் போவார்கள்? இராத்திரிக் காப்பகம் நடத்திய கம்பெனியோ கவுன்டியோ உங்களில் யாருக்காவது தெரியுமா? செலவை யார் ஏற்றார்கள்? வியாழனுக்குள் தெரிந்தால் அதையும் பேச்சில் சேர்த்துவிடுவேன்.