டைரியைக் கலைத்துவிட்டேன், அடுக்கத் தெரியவில்லை

2003 முதல் 2012 வரை எழுதிய என் பத்து டைரிகளை ஒரு சோதனை முயற்சி நூலாக்கப் பார்க்கிறேன், எட்டு மாதமாக நகரவில்லை. சுமார் 4,000 வாக்கியம், எல்லாம் எக்செல்லில் ஏற்றியாயிற்று. தேதிகளை நீக்கிப் பார்த்தேன், வெறும் புலம்பல். அப்புறம் கனடிய எழுத்தாளர் ஷீலா ஹெட்டி தன் டைரிகளை வைத்துச் செய்ததுபோல் வாக்கியங்களை அகரவரிசையில் அடுக்கினேன். ஆங்கிலத்தில் 'நான்' என்றே வரிசையாக வந்து விழும். தமிழில் அது வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்கிறதே, எனக்கு 'இன்று' மட்டும் 600 தடவை. கடைசிச் சொல்லை வைத்து அடுக்கினால் போனேன், போனேன், போனேன் (பள்ளி இலக்கண நோட்டு தோற்றது). பெயர்களை மாற்றிவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: தமிழ் வாக்கியங்களை எதை வைத்து வரிசைப்படுத்தினால் ஓட்டம் கிடைக்கும்?