ஹாஸ்டல் உரிமையாளரின் வக்கீல் நோட்டீஸ், வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தரமணி, வேளச்சேரி பக்கம் வேலைக்கு வரும் பெண்களுக்காக நானும் என் தோழியும் சின்னதாக ஒரு இணையதளம் நடத்துகிறோம், ஹாஸ்டலில் தங்கியவர்களே எழுதுவார்கள், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிறார்களா என்று. போன வாரம் ஒரு ஹாஸ்டல் உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். அட்வான்ஸ் தரவில்லை என்று ஒரு பெண் எழுதியது அவதூறு, ஏழு நாளில் நீக்க வேண்டும், அந்தப் பெண்ணின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும் என்கிறார்கள். நம்பரைத் தர எனக்கு மனமே வரவில்லை.

நான் படித்தவரை, பயனர்கள் எழுதுவதற்குத் தளத்தைப் பொறுப்பாக்காமல் காப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆவது பிரிவு. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கோர்ட் உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கியாக வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. ஆனால் பதிவை நாமே திருத்தினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நான் எழுத்துப்பிழை திருத்தி, தலைப்பும் வைத்தேன். இதுவும் திருத்தம்தானா? அப்புறம், இதே சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் கேட்கும் குறைதீர் அலுவலர் (புகார்களைக் கவனிப்பவர்) பெயரை நேற்றுதான் தளத்தில் போட்டோம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரியுமா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது.