இரவு 10 மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியைத் தடை செய்யலாமா?

கரையோரம்:
சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். வேலை தொடர்பானவற்றை மின்னஞ்சலில் எழுத வேண்டும் என்பது விதி. நடப்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். இரவு 10 மணிக்கு நான் ஒன்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் 'ஓகே சார்' வரிசையாக விழுகிறது; காலையில் பார்த்தால், கேட்டது என்னவென்றே பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. குழுவிலேயே பிழையில்லாமல் வேலை செய்பவர் மறுநாள்தான் பதில் போடுவார் என்பதால், அவருக்குப் பொறுப்பில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குரூப்பைக் கலைத்துவிட்டால் சரியாகுமா?

திண்ணை:
ஆகாது, வேறொரு குரூப் முளைக்கும். குழப்பமான விஷயத்துக்கு நேர்ப்பேச்சும் வழக்கமான தகவலுக்கு எழுத்தும் பொருந்தும் என்று 1986-இல் நிர்வாகவியல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் இருவரும் எழுதினார்கள். ஆனால் ஊழியர்கள் செய்தியின் தன்மையை மட்டும் பார்ப்பதில்லை, மேலாளரும் பக்கத்து இருக்கைக்காரரும் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்த்தே ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஜேனட் ஃபுல்க்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1990-இல் வாதிட்டார்கள். உங்கள் குழு பார்ப்பது உங்களைத்தான். பதிலின் தரத்தை விட்டு வேகத்தை மெச்சினால், வேகம்தான் கிடைக்கும்.

மணிக்கூண்டு:
2012-இல் வெளியான குளோரியா மார்க் குழுவின் ஆய்வில் 13 ஊழியர்களுக்கு ஐந்து வேலைநாட்கள் மின்னஞ்சலை நிறுத்திப் பார்த்தார்கள். மன அழுத்தம் குறைந்தது, ஒரே வேலையில் நீண்ட நேரம் ஊன்றி இருந்தார்கள், தேவையானபோது எழுந்துபோய் நேரில் பேசினார்கள். 13 பேரை வைத்து எல்லா அலுவலகத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஃபோக்ஸ்வாகன் 2011-இலேயே ஜெர்மனியில் ஒரு பகுதி ஊழியர்களுக்குப் பணி முடிந்த அரைமணி நேரத்தில் கைப்பேசிக்கு மின்னஞ்சல் போவதை நிறுத்தியது. அந்த ஏற்பாட்டில் உயரதிகாரிகள் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ராப்பணி:
இரவில் சர்வர் படுத்துவிட்டால் காலைவரை காத்திருக்க முடியாது. எங்கள் குழுவில் அவசரம் என்றால் தொலைபேசி அழைப்பு மட்டுமே. குரூப்பில் வந்தது எதுவானாலும் மறுநாள் பார்த்தால் போதும். இதை வாய்மொழியாக விடாமல் எழுதி ஒட்டிய பிறகுதான் ஆட்கள் நம்பினார்கள்.

கரையோரம்:
நன்றி. நேற்று இரவு எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்து, காலை 9:30-க்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவர் நேரில் வந்து, "ராத்திரி குரூப்பில் ஒன்றுமே வரவில்லையே, உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.