28% புரதம் போட்டும் வான்கோழிக் குஞ்சு இறக்கையில் வெள்ளைப் பட்டை, ஏன்?

வெண்கலவால்:

வணக்கம். வெண்கல நிற வான்கோழிகள், வயது ஐந்து வாரம் தாண்டிவிட்டது. தீவனம் நானே கலக்கிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, சோயா புண்ணாக்கு 27, கடலைப் புண்ணாக்கு 27, மீதி 6 கிலோ தாது உப்பு, சுண்ணாம்பு, வைட்டமின் எல்லாம் சேர்த்து. டிஎல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலப் பொடி 200 கிராம் தனியாகப் போடுகிறேன். முதல் நாளிலிருந்து இதே கலவைதான். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கச்சாப் புரதம் 28% வந்தது, அதனால் தீவனத்தில் குறை இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இறக்கையின் பெரிய சிறகுகளில் குறுக்காக வெள்ளைப் பட்டை விழுகிறது. அடியிலும் நுனியிலும் கருமை இருக்கிறது, நடுவில் மட்டும் விரல் அகலத்துக்கு நிறமே இல்லை. குஞ்சுகளும் ஒரே அளவாக இல்லை, சிலது பெரிதாக, சிலது பாதியாக. கூளம் சீக்கிரம் ஈரமாகிவிடுகிறது, சில குஞ்சுகளுக்கு உள்ளங்காலில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. எச்சம் மஞ்சளாக இல்லை, சாவும் இல்லை. இது நோயா, தீவனமா? புரதத்தை 30% ஆக்கினால் சரியாகுமா?

தீவனக்கணக்கு:

30% வேண்டவே வேண்டாம். இது லைசின் குறைபாடு போலத்தான் தெரிகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, லைசின் அவற்றில் ஒன்று. வெண்கல வான்கோழிக் குஞ்சுகளில் லைசின் குறைந்தால் சிறகில் கருநிறம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும், ரொம்ப காலமாகத் தெரிந்த அடையாளம் அது. வெள்ளை ரக வான்கோழி என்றால் கண்ணுக்கே தெரிந்திருக்காது, வெறும் வளர்ச்சிக் குறைவு என்று போயிருக்கும்.

ஆய்வகம் 28% என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர்கள் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்கி கச்சாப் புரதம் என்று எழுதுகிறார்கள். அதற்குள் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று அந்த எண்ணில் இல்லை. சோயாவைப் பாதி எடுத்துவிட்டு கடலைப் புண்ணாக்கு போட்டாலும் புரதம் அசையாது, ஏனென்றால் இரண்டிலும் ஏறக்குறைய 45% தான். லைசின் மட்டும் சரிந்துவிடும். சோயா புண்ணாக்கில் லைசின் சுமார் 2.8%, கடலைப் புண்ணாக்கில் சுமார் 1.5%, மக்காச்சோளத்தில் 0.25%.

உங்கள் கலவையைப் போட்டுப் பார்ப்போம். சோயாவிலிருந்து 0.76, கடலையிலிருந்து 0.41, மக்காச்சோளத்திலிருந்து 0.10. கூட்டினால் 1.27%க்குக் கிட்டே. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994 அட்டவணையில் வான்கோழிக்கு முதல் நான்கு வாரம் லைசின் 1.6%, நான்கிலிருந்து எட்டு வாரம் வரை 1.5%. அதே அட்டவணையில் புரதம் 28%, பிறகு 26%. ஆக புரதத்தில் நீங்கள் இலக்கைத் தொட்டுவிட்டீர்கள், லைசினில் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி. கடலை இல்லாமல் 54 கிலோவும் சோயாவாகவே இருந்திருந்தால் 1.6 தானாகவே வந்திருக்கும்.

செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கினாலும் சிமெண்ட் தீர்ந்த இடத்தில் சுவர் நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான். மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் பறவையால் தசையாக்க முடியாது, உடைத்து யூரிக் அமிலமாக வெளியே தள்ளிவிடும். மார்புத் தசை வளர்கிற பருவத்தில் லைசின் தேவை மிக அதிகம், அதனால் முதலில் அடி வாங்குவது எடைதான்.

மெத்தியோனின் கொஞ்சம் குறைவு, பெரிய பிரச்சினை இல்லை. மெத்தியோனினும் அதன் கூட்டாளி அமினோ அமிலமான சிஸ்டினும் சேர்த்து உங்களுக்கு 0.98% வாக்கில் வருகிறது, முதல் நான்கு வாரத்துக்கு 1.05 வேண்டும், இப்போதைய வயதுக்கு 0.95 போதும். சிறகே பெரும்பாலும் சிஸ்டின் நிறைந்த கெரட்டின் என்ற புரதம்தான் என்பதால் இது குறைந்தால் சிறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று கொத்துவதும் கூடும்.

கூளக்காரன்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் காலை விட்டுவிட்டீர்கள். பயன்படாத புரதம் யூரிக் அமிலமாகப் போகும்போது பறவை தண்ணீரும் அதிகம் குடிக்கும், எச்சம் இளகும், கூளம் நனையும், அம்மோனியா கிளம்பும். சோயாவில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அதுவும் தண்ணீர் குடிப்பதைக் கூட்டுகிறது. உள்ளங்கால் பொருக்குக்கு முதல் காரணம் ஈரக் கூளம்தான். புரதத்தை 30% ஆக்கினால் கால் இன்னும் கெடும், லைசின் பாக்கியும் பாதிதான் தீரும்.

தண்ணீர்க் குழாயடியில் கூளத்தைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாகி அப்படியே நின்றால் ஈரம் மீறிவிட்டது, கையை விட்டதும் உதிர்ந்தால் பரவாயில்லை. அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை அடங்கும். பயோட்டின் குறைந்தாலும் பாதம் வெடிக்கும், அதனால் வைட்டமின் பழையதா என்றும் பாருங்கள். முட்டி வீங்கியிருந்தால் அது வேறு, நியாசின், கோலின் என்ற சத்துகளின் குறைவைச் சந்தேகப்படுங்கள். வான்கோழிக்கு நியாசின் தேவை கோழியைவிட அதிகம், டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானாகத் தயாரித்துக்கொள்வதிலும் அது சோம்பேறி.

எச்சம் கந்தக மஞ்சளாக இல்லை என்றது நல்ல செய்தி. கோழிகளோடு சேர்த்து வளர்த்தால் கோழியின் குருட்டுக்குடல் புழு வழியாக கருந்தலை நோய் (பிளாக்ஹெட்) வரும், எச்சம் மஞ்சளாவது அதன் அடையாளம், அதற்கு அமினோ அமிலம் எதுவும் உதவாது.

நாட்டுமந்தை:

இவ்வளவு கணக்கு எதற்கு? பேசாமல் பிராய்லர் ஸ்டார்ட்டர் (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்) வாங்கிப் போடுங்கள். நான் பலமுறை போட்டிருக்கிறேன், குஞ்சு சாகவில்லை.

தீவனக்கணக்கு:

சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. அதே அட்டவணையில் பிராய்லருக்கு முதல் மூன்று வாரம் புரதம் 23%, லைசின் 1.1%. வான்கோழிக்கு அது எந்த மூலைக்கு? அதைவிடப் பெரிய விஷயம், பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் மருந்து. சாலினோமைசின், நராசின் இரண்டும் வான்கோழிக்கு நஞ்சு. கால் பின்னும், எழ முடியாமல் படுக்கும், செத்தும் போகும். பையின் சீட்டைப் படிக்காமல் போடாதீர்கள் அண்ணா, இதில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. கடலைப் புண்ணாக்கை நான் லைசினுக்காக மட்டும் குறை சொல்லவில்லை. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, கடைசியில் பூஞ்சாணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சாண நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே அந்தச் சம்பவத்திலிருந்துதான். வான்கோழிக் குஞ்சின் ஈரல் இந்த நச்சைத் தாங்கவே தாங்காது. பரிசோதனைச் சீட்டு இல்லாத கடலைப் புண்ணாக்கை நானாக இருந்தால் குஞ்சுத் தீவனத்தில் ஒரு பிடி கூடப் போடமாட்டேன்.

வெண்கலவால்:

நன்றி. இந்தக் கலவை கொஞ்சம் மீதி இருக்கிறது, பரிசோதனைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், நச்சு வரம்புக்குள்தான். இதிலேயே லைசின் பொடி சேர்க்கலாமா, எவ்வளவு? லைசின் கூடிவிட்டால் அர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் கெடும் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்புறம் அந்த வெள்ளைப் பட்டை போய்விடுமா?

தீவனக்கணக்கு:

சேர்க்கலாம். இப்போதைய வயதுக்கு 1.5 வேண்டும், கையில் 1.27, பாக்கி 0.23. லைசின் ஹைட்ரோகுளோரைடு பொடியில் லைசின் சுமார் 78% தான், ஆகவே 100 கிலோவுக்கு 300 கிராம். புதிதாகப் பொரித்த குஞ்சுக்கு இதே கலவையைக் கொடுப்பதென்றால் 420 கிராம் வாக்கில் ஆகும், ஆனால் அந்த வயதுக்கு முழுக்க சோயாவில் போவதே மேல்.

நீங்கள் படித்தது சரி. லைசின் மிஞ்சினால் சிறுநீரகத்தில் அர்ஜினினை உடைக்கும் நொதி கூடும், பறவைகளுக்கு அர்ஜினினைத் தானே தயாரிக்க வழியும் இல்லை. ஆனால் கடலைப் புண்ணாக்கில் அர்ஜினின் கொட்டிக் கிடக்கிறது, உங்கள் கலவையில் தேவைக்கு மேலேயே இருக்கும். அந்தப் பயம் மற்ற கலவைகளுக்கு. மெத்தியோனினை மட்டும் ஆசைக்கு அள்ளிப் போடாதீர்கள், அமினோ அமிலங்களிலேயே மிஞ்சினால் அதிகம் கெடுப்பது அதுதான், முதலில் தீனி எடுப்பதே குறையும்.

சோயாவின் நிறத்தையும் பாருங்கள். கருகிய வாசனையோடு பழுப்பாக இருந்தால் அளவுக்கு மீறிச் சூடு பட்டிருக்கிறது, லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு பறவைக்குப் பயன்படாமல் போகும். வேகாத சோயா என்றால் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள் அப்படியே இருக்கும், எந்தப் புரதமும் சரியாகச் செரிக்காது. என் கணக்கு நல்ல சோயாவுக்குத்தான்.

பட்டை விழுந்த சிறகு விழுந்ததுதான். முளைத்து முடிந்த சிறகில் நிறம் ஏறாது, அது உதிர்ந்து அடுத்தது வரும்போதுதான் கருமையாக வரும். இப்போது முளைத்துக்கொண்டிருக்கும் சிறகுகளின் அடிப்பகுதியைக் கவனியுங்கள், லைசின் போய்ச் சேருகிறதா என்று அங்கேதான் தெரியும்.

கூளக்காரன்:

300 கிராம் பொடியை 100 கிலோ மேல் அப்படியே தூவினால் ஒரு மூலையில்தான் கிடக்கும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு அதைப் பத்து கிலோவில், பிறகு மொத்தத்தில். எட்டு வாரம் ஆனதும் இந்தத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள், அதற்குப் பிறகு 22% புரதமும் 1.3% லைசினும் போதும். ஆணையும் பெட்டையையும் தனியாகப் பிரித்து வளர்த்தால் பெட்டைக்கு அடுத்த மாற்றத்தை 11 வாரத்திலேயே செய்துவிடலாம், ஆணுக்கு 12.