படுவான்கரையில் ஒரு மலையோட்டம்: நேரத்தைக் குறித்தவர் வயல் காவற்காரர்

மலையோட்டம் என்றால் நுவரெலியாப் பக்கம் போக வேண்டும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எங்கள் மட்டக்களப்பிலேயே குடும்பிமலை சுமார் 530 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஆனால் எங்களுடையதைப் போன்ற ஒரு சிறிய விளையாட்டுக் கழகத்தின் கைக்கு அது அடங்காது; அங்கே ஒருவர் விழுந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்கவே நெடுநேரம் ஆகும். அதனால் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, வயலுக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு சிறு பாறை மலையைத் தேர்ந்தெடுத்தோம். குளக்கட்டில் தொடக்கம், வண்டிப்பாதையால் அடிவாரம், பிறகு பாறையில் ஏற்றம். உச்சியில் சிறிய முருகன் கோயில் இருக்கிறது. சப்பாத்துக் காலோடு அங்கே ஓடுவதைக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் விரும்பவில்லை. எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. கோயிலுக்குச் சற்றுக் கீழேயே திரும்புமிடம் வைத்தோம்.

பிரதேச செயலகம், பொலிஸ், வனஜீவராசிகள் அலுவலகம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டால் அனுமதி பெரிய பாடில்லை. பெரிய பாடு, தொடங்கும் நேரம்தான்.

வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே தொடங்குவது என்பது எங்கள் எண்ணம். பாதை பார்க்கப் போன அன்று, வட்டையில், அதாவது வயல்வெளியில், பரண் கட்டிக் காவல் இருக்கும் ஓர் ஐயாவைச் சந்தித்தோம். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து, எங்களை வண்டிப்பாதை வளைவுக்குக் கூட்டிப்போனார். அங்கே கிடந்த யானை லத்தியின்மேல் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் சூடு ஆறவில்லை, தம்பி. இரவெல்லாம் வயலில் நின்றுவிட்டு, விடியும் நேரத்தில்தான் இந்த வளைவால் காட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளை எதிரே ஓடவிடப் போகிறீர்களா?” என்று கேட்டார். யானையை அவர் ‘அவர்கள்’ என்றே சொன்னார். கையிலிருந்த தடியால் மண்ணில் கோடு கிழித்து, குளம், வேலி, அவர்கள் இறங்கும் இடம், ஏறும் இடம் எல்லாவற்றையும் காட்டினார். எந்த வரைபடத்திலும் அந்தக் கோடு இல்லை.

ஏழு மணிக்கு முன் ஒருவரும் அந்த வளைவைத் தாண்டக்கூடாது என்று அங்கேயே முடிவானது. நேரம் தள்ளிப்போனால் வெயில் ஏறும். ஒன்பது மணிக்கெல்லாம் கரும்பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்காலில் ஓடுபவர்கள். ஆகவே எட்டுக் கிலோமீற்றரை ஐந்தாகக் குறைத்தோம். தூரம் குறைந்ததில் சில இளைஞர்களுக்கு மனக்குறை. நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டத்தன்று ஐயா விடியலிலேயே அந்த வளைவில் போய் நின்றார். அவர் கையசைத்த பிறகுதான் விசில் ஊதினோம்.

அடிவாரத்தில் தண்ணீரோடு, உடம்பின் நீரிழப்பை ஈடுசெய்யும் ஜீவனி என்ற உப்புத் தூளையும் கரைத்து வைத்திருந்தோம். பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அளவு பிசகக்கூடாது. முதலுதவிக்காரரை அடிவாரத்தில் நிறுத்தாமல் இறக்கத்தின் நடுவில் நிறுத்துங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை இழுபட்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அது களைத்ததும் முழங்கால் தளரும், பாறையில் கிடக்கும் பருமணல் காலை வாரிவிடும். அன்று தோல் உரிந்தவர்கள் எல்லோரும் இறக்கத்தில் விழுந்தவர்களே.

மண்முனைப் பாலத்தால், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். 2014இல் பாலம் திறக்குமுன், ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்க வேண்டும். அந்தக் காலமென்றால் காலை ஏழு மணிக்கு இங்கே வந்து நிற்பது பெரும்பாடு.

முடிவிடத்தில் ஒவ்வொருவரின் இலக்கத்துணியையும் வாங்கி வரிசையாகக் கம்பியில் கோத்தோம். ஒன்று குறைந்தது. பரிசளிப்பை நிறுத்திவிட்டு, ஆட்களை மலையின் இரு பக்கமும் அனுப்பினோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் விவரம் சொன்னார்: பையன் பாதியில் களைத்துப்போய், வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்துவிட்டானாம். ஆள் போய்ப் பார்த்தபோது பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இலக்கத்துணி காற்சட்டைப் பைக்குள் இருந்தது. இடையில் விலகுகிறவர் துணியைக் கையில் ஒப்படைக்காமல் போகக்கூடாது என்று இனித் தொடக்கத்திலேயே பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைக்கப்போகிறோம்.

அடுத்த ஓட்டத்தைப் பெரும்போக அறுவடை முடிந்து, கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்குமுன் வைக்க எண்ணம். பெண்பிள்ளைகளுக்குத் தனித் தொடக்கம் வேண்டும் என்று தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அதைச் செய்தே ஆக வேண்டும். அம்பாறைப் பக்கம், உகந்தை, சங்கமன்கண்டி வழியாக யாராவது இப்படி ஓட்டம் நடத்தியிருந்தால், பாறை ஏற்றத்தில் தண்ணீரை எப்படி மேலே கொண்டுபோனீர்கள் என்று எழுதுங்கள். எங்களுக்குக் குடம் சுமந்த பையன்கள்தான் ஓடியவர்களைவிட அதிகம் களைத்துப்போனார்கள்.