மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கட்டுகிறார்கள்: கீழே எதைப் பார்ப்பது?

கேள்வி

சீனாவின் குவாங்சோவில் புது அடுக்குமாடி, வாடகை வீடு. மேல்வீட்டில் உள்வேலை நடக்கிறது. குளியலறையில் தண்ணீர் கட்டப்போவதாகவும், 48 மணி நேரம் கழித்து எங்கள் சீலிங்கைப் பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டி முடித்த வீட்டில் இது எதற்கு? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1

சீனாவில் பல புது வீடுகள் ‘மாவ்பீ’யாகத்தான் கைக்கு வரும். வெறும் சிமென்ட் தரை, பெயின்ட் காணாத சுவர், வாசல் கதவு, சன்னல், மின்பெட்டி, ஒரு தண்ணீர் லைன், அவ்வளவுதான். மீதி வாங்கியவர் பொறுப்பு. முதலில் வயரிங், பிளம்பிங். அடுத்து கொத்தனார், தச்சர், பெயின்டர்.

வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, கசிவு உண்டா என்று சோதிக்கத் தண்ணீர் கட்டுவார்கள். தரை முழுக்கவும், ஷவர் பக்கச் சுவரில் குறைந்தது 2 மீட்டர் உயரத்துக்கும், தண்ணீர் தெறிக்காத மற்ற சுவர்களில் 30 செ.மீ. வரையும் பூச்சு இருக்க வேண்டும். வடிகாலை அடைத்து, வாசற்படியில் சாந்தால் வரப்புக் கட்டி, தரையின் மேடான இடத்திலும் 2 செ.மீ. நிற்கும்படி நிரப்புவார்கள். டைல்ஸ் போட்டபின் கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதுதான்.

பதில் 2

தண்ணீர் விடுவதற்கு முன்பே உங்கள் குளியலறை சீலிங்கில் ஓர் அலுமினியத் தகட்டைக் கழற்றி, மேலே ஸ்லாபைப் படம் எடுத்து வையுங்கள். பழைய கறையா, புதுக் கசிவா என்ற சண்டை பிறகு வராது. முக்கியமாக, குழாய் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றியும், சுவரும் ஸ்லாபும் சேரும் மூலையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

மார்ச், ஏப்ரலில் ஈரக்காற்று வீசும் ‘ஹுய்நான்தியன்’ நாட்களில் சுவரெல்லாம் வியர்க்கும். அப்போது டிஷ்யூவால் துடைத்துவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். எங்கும் பரவலாகப் பூத்தால் அது வியர்வை; ஒரே புள்ளியில் மறுபடி ஊறினால் கசிவு.

கேள்வி கேட்டவர்

24 மணி நேரம் போதும் என்கிறாரே மேஸ்திரி?

பதில் 3

24 என்பது குறைந்தபட்சம். மெல்லிய கசிவு கான்கிரீட்டில் ஊறி இறங்க நேரம் பிடிக்கும், 48க்கே நில்லுங்கள். வசந்தவிழாவுக்கு (சீனப் புத்தாண்டு) முன்பு இன்னும் கவனம் தேவை: வேலையாட்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பூச்சு காயுமுன்னே தண்ணீர் விட்டுவிடுவார்கள். குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்தில் பல குளியலறைகளின் ஸ்லாப் 30, 40 செ.மீ. தாழ்ந்திருக்கும், அங்கே குழியை நிரப்புவதற்கு முன்பு ஒரு தடவை, நிரப்பிப் பூசிய பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை கட்ட வேண்டும்.

ஈரம் கண்டால் படத்தோடு வீசாட் செயலியில் மேல்வீட்டுக்காரருக்கும் ‘ஊயே’ எனும் பராமரிப்பு அலுவலகத்துக்கும் அன்றே அனுப்புங்கள். உங்கள் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.